மூன்று வெளிச்சத்தில் ஒரு மாப்பிள்ளை

தங்கச்சி மகளின் காதுகுத்து ஆல்பத்தில் என் முகம் இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது. வெள்ளைச் சட்டை இருக்கிறது, கரை வைத்த பட்டு வேட்டி இருக்கிறது, மடியில் மொட்டை போட்டுச் சந்தனம் அப்பிய பிள்ளை இருக்கிறது, பிள்ளையின் காதருகே ஆசாரியின் கையும் இருக்கிறது. சட்டைக் காலருக்கு மேலேதான் ஒன்றுமில்லை. தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவு.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. அப்பன் ஊரைக் கூட்டலாம், கிடா வெட்டலாம், மண்டபத்தை விளக்கால் மூடலாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் உரிமை மாமனுக்கு மட்டும்தான். சீர்த் தட்டுகளோடும் மேளத்தோடும் தெருவை அடைத்துக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்காரும்போது மாமனுக்கு வருகிற கெத்து, அவன் கல்யாணத்தில்கூட வந்திருக்காது. அன்றைக்கு எடுத்த அத்தனை படங்களில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். அந்த ஒரு படத்தில்தான் நான் தோசைக்கல்.

ஆல்பம் வந்த அன்று தங்கச்சி வீட்டில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். தங்கச்சியின் வீட்டுக்காரர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், அந்தப் பக்கம் வந்ததும் படத்தை உள்ளங்கையால் மூடினார். பிறகு மெதுவாகக் கையை எடுத்துவிட்டு, சோழவந்தான் பக்கமிருந்து வந்திருந்த அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மச்சான் அன்னைக்கு வரவே இல்ல போலயே. வேட்டிய மட்டும் குடுத்து விட்டுருக்காரு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நானும் சிரித்தேன். மாப்பிள்ளை ஜோக்கடித்தால் மச்சான் சிரித்துத்தான் ஆக வேண்டும், பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அப்படியொரு தலையெழுத்து. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். முடியவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து பேசப் பழகியபோது, மாமா என்று சொல்வதற்கு முன்னால் வேட்டி மாமா என்று சொல்லப் பழகியது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவே வேண்டாம். ஒருமுறை தங்கச்சியையும் பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட மாட்டுத்தாவணி போயிருந்தேன். பஸ் கிளம்பும்போது பிள்ளை ஜன்னலில் தொற்றிக்கொண்டு, "வேட்டி மாமா, டாட்டா" என்று கத்தியது. பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் பேன்ட் போட்டிருந்தேன்.

தங்கச்சி அப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வண்டியூரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பி வருகிற வழி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இன்னொரு பிள்ளை பிறக்கும், அதற்கும் காது குத்துவார்கள், அதற்கும் மடி என்னுடையதுதான். அந்தப் படத்தில் என் முகம் தெரிய வேண்டும். மாப்பிள்ளையின் முகத்தில் கரி விழ வேண்டும். இரண்டும் வேண்டும். எங்கள் ஊர்க்காரன் பழி வாங்குவது என்றால் அரிவாளைத் தூக்குவான் என்று வெளியூரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அரிவாளைத் தேங்காய் வெட்டத்தான் எடுத்திருக்கிறேன். எனக்கு ஒரு கேமரா போதுமென்று தோன்றியது.

கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் டெக்னீஷியன். படம் எடுப்பதுதான் தொழில் என்றாலும், நான் எடுக்கிற படத்தில் யாருக்கும் முகம் கிடையாது. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை நுரையீரல் தெரிகிற மாதிரி வைத்தால் எலும்பெல்லாம் ஒரே சுண்ணாம்பு வெள்ளை. எலும்பு தெரிகிற மாதிரி வைத்தால் நுரையீரல் இருக்கிற இடம் கரி. அதனால் ஒரே ஆளின் படத்தை இரண்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். இத்தனை வருஷம் அதைச் செய்துகொண்டிருந்தும், என் முகம் கறுத்துப்போன கதையும் இதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. காதுகுத்து அன்றைக்கு மண்டபத்தின் வாசலைப் பின்னால் வைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். வெளியே உச்சி வெயில், உள்ளே நிழல். கேமராவுக்கு இரண்டில் ஒன்றுதான் தெரியும்.

கேமராவைத் தேடி அலையவில்லை. அந்தக் காதுகுத்துக்குப் படம் எடுத்த போட்டோகிராபரே புதுக் கேமரா வாங்கியிருந்தார், பழையதைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்குவாசலில் அவர் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். என்னைத் தோசைக்கல்லாக்கிய அதே கேமரா. அதை வீட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அந்தப் பக்கம் போனவள், அதற்கு என்ன செய்யத் தெரியும், நீங்கள் யாரிடம் கோபப்பட வேண்டுமோ அவரிடம் படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செல்போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எச்.டி.ஆர். என்று அதற்குப் பெயர். ஒரே காட்சியை மூன்று தடவை எடுக்க வேண்டும். ஒன்று வெளிச்சம் குறைவாக, ஒன்று அளவாக, ஒன்று தாராளமாக. குறைவானதில் வெயில் தெரியும், தாராளமானதில் இருட்டுக்குள் இருப்பவன் தெரிவான். பிறகு கம்ப்யூட்டரில் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் நல்லதை மட்டும் எடுத்து ஒரே படமாக்க வேண்டும். வெயிலும் போகாது, இருட்டில் உட்கார்ந்தவனும் போகமாட்டான். வீடியோக்காரர் இதைச் சொல்லி முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தொழில்நுட்பத்தைக் கேட்டு அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் கைக்கு வர மறுத்தது. முதலில் யானைமலையை எடுத்தேன். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்ததால், சேர்த்துப் பார்த்தபோது ஒரு யானைக்கு மூன்று முதுகு இருந்தது. சரி என்று கேமராவை ஆடாமல் நிறுத்துகிற ட்ரைபாட் வாங்கினேன். அடுத்து திருப்பரங்குன்றம் மலை. கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டேன் போல. மலையைச் சுற்றி சாமி படத்தில் இருக்கிற மாதிரி ஒளிவட்டம் வந்து நின்றது. வண்டியூர் கண்மாய்த் தண்ணீர் பாதாம்பால் நிறத்தில் வந்தது. ஸ்கேன் சென்டரில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் காட்டினேன். காலண்டருக்கு நன்றாக இருக்கும் என்றார்கள். பாராட்டா நக்கலா என்று பிடிபடவில்லை.

பேயைக் கண்டது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில். விடிந்தும் விடியாத நேரம், கூரைக்குள் பல்பு, வெளியே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. பழகுவதற்கு நல்ல இடம் என்று போனேன். மூன்று படமும் சேர்ந்து வந்தபோது, மல்லிகை அளக்கிற அம்மாவுக்கு மூன்று கை. கூடையைத் தூக்கிக்கொண்டு போன ஆளுக்கு இடுப்புக்கு மேலே ஆளே இல்லை. அவருக்குப் பின்னால் இருந்த தராசு அவர் வயிற்றுக்குள் தெரிந்தது. மூன்று படத்துக்கும் நடுவில் யார் நகர்ந்தாலும் இந்தக் கதிதான். வீடியோக்காரரும் அதைப் பேய் என்றுதான் சொன்னார். கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் டிக் அடித்தால் பேயை விரட்டிவிடும், நகர்ந்த ஆளை ஏதாவது ஒரு படத்திலிருந்து எடுத்து முழுசாக நிறுத்திவிடும் என்றும் சொன்னார். டிக் அடித்தேன். பூக்கார அம்மாவுக்கு இரண்டு கைகள் திரும்பி வந்தன.

இப்படிப் பழகிக்கொண்டிருக்கும்போதுதான் ஒருநாள் அந்தப் பழைய ஆல்பத்தைத் தங்கச்சி வீட்டிலிருந்து வாங்கி வந்து மறுபடி பார்த்தேன். முன்பெல்லாம் பார்த்தால் என் கறுப்பு வட்டம் மட்டும்தான் கண்ணில் குத்தும். இப்போது பின்னணியைப் பார்த்தேன். நாற்காலிக்குப் பின்னால் மண்டபத்தின் வாசல். வாசலுக்கு வெளியே மாப்பிள்ளை வைத்திருந்த பேனர். அதில் அவர் கைகட்டி நிற்கிறார், பக்கத்தில் அவருக்கு வேண்டிய கட்சிப் பெரியவர் கும்பிடுகிறார். வெயிலில் இருந்த அந்த பேனரில் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. மாப்பிள்ளையின் மீசை முடியைக்கூட எண்ணலாம். வெளிச்சம் பேனருக்காக அளந்து வைக்கப்பட்டிருந்தது. கேமரா தானாகத் தவறவில்லை. யாரோ எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

நேரே தெற்குவாசல் போனேன். போட்டோகிராபர் முதலில் மழுப்பினார். மண்டபத்தில் லைட் சரியில்லை என்றார், நான் லேசாக அசைந்துவிட்டேன் என்றார். படத்தை முன்னால் வைத்து, பேனருக்கு அளந்து வைத்துவிட்டு எனக்கு ஏன் பிளாஷ் போடவில்லை என்று கேட்டேன். இவன் ஏதோ படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டார்.

"அண்ணே, மாப்ள சார்தான் எல்லாப் படத்துலயும் பேனர் தெளிவா வரணும்னாரு. மாமாவுக்கு ஒரு பிளாஷ் போட்டுக்கிறேன் சார்னு கேட்டேன். 'பிளாஷ் வெளிச்சம் பட்டு பேனர்ல கிளேர் அடிச்சுரும், விடுப்பா, அவரு எப்டி எடுத்தாலும் அப்டித்தான் வருவாரு'ன்னுட்டாரு. தப்பா எடுத்துக்கிறாதீங்கண்ணே."

நான் கறுப்பு. அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் இந்த நிறம்தான், தங்கச்சியைத் தவிர. அவளைப் பெண் பார்க்க வந்த அன்றே, அண்ணன் நிறத்துக்கும் தங்கச்சி நிறத்துக்கும் சம்பந்தமே இல்லையே என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது. அதையெல்லாம் நான் துடைத்துப் போட்டுவிட்டேன். ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனை, ஒரு பேனரின் எழுத்துக்காக இருட்டில் விட்டதை என்னால் துடைக்க முடியவில்லை. கடையை விட்டு இறங்கும்போது அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். எப்டி எடுத்தாலும் அப்டித்தான் வருவாரு. இதை ஒருநாள் அவர் வீட்டு ஹாலிலேயே அவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கான ஆயுதத்தை என் மனைவிதான், தெரியாமல், எடுத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஜன்னலோரம் நிற்க வைத்து மூன்று வெளிச்சத்தில் எடுத்தேன். முகத்துக்கு இந்த வித்தையை அளவாகத்தான் போட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் வெளிச்சத்தையும் கூர்மையையும் கூட்டுகிற பட்டை அத்தனையையும் வலது கடைசிவரை தள்ளினேன். வந்த படத்தில் அவள் முகத்தில் இல்லாத பள்ளமெல்லாம் இருந்தது. கண்ணுக்குக் கீழே கரி, மூக்கில் குழி குழியாக, நெற்றி பலாப்பழத் தோல். ஆசையாக வந்து எட்டிப் பார்த்தவள் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இத நீங்க வேற யாருக்கும் அனுப்பலேல்ல? என்னைய பண்ணுன மாதிரி உங்க மாப்ளையப் பண்ணுங்க. நாக்கப் பிடுங்கிக்கிருவாரு."

அவள் கோபத்தில் சொன்னாள். நான் அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்து, அவனுக்கும் மொட்டைபோட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். மகளுக்குக் காது குத்தின அதே திருப்பரங்குன்றம் மண்டபம். நான் கேமராவோடு அவர்கள் வீட்டுக்குப் போய், பேனருக்கு நல்ல போட்டோ வேண்டுமே மாப்ள, நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கமெல்லாம் மனை விற்கிற தொழில். பேனர் என்றால் உயிர். கைகட்டிக்கொண்டு வந்து நின்றார். அசையாமல் நில்லுங்கள் என்றேன். நின்றார். மூன்று வெளிச்சத்திலும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் முகத்தில் நான் செய்யாத கொடுமை இல்லை. மீசைக்கு அடித்த சாயம் மேலுதட்டில் ஒட்டியிருந்ததை வெளியே கொண்டுவந்தேன். கண்ணுக்குக் கீழே தொங்கிய பையை நன்றாகத் தொங்கவிட்டேன். மூக்கின் குழிகளில் தண்ணீர் தேக்கலாம். கழுத்துச் செயினுக்குக் கீழே இருந்த வேர்வைக் கோடு வாய்க்கால் மாதிரி ஓடியது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற குடும்பக் குரூப்பில் அதைப் போட்டுவிட்டு, செல்போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன்.

முதல் பதில் அவரிடமிருந்தே வந்தது. மச்சான், மாஸ் என்று எழுதியிருந்தார். பின்னாலேயே அவர் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கைதட்டினார்கள். சிங்கம் மாதிரி இருக்கிறார், எலெக்சனில் நிற்கலாம் என்று ஒருவர் எழுதினார். மறுநாள் மாப்பிள்ளை போன் போட்டு, இந்தப் படத்தைத்தான் பேனரில் போடப் போவதாகச் சொன்னார், இம்புட்டுத் திறமையை மச்சான் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். நான் தேடித் தேடிச் சேர்த்த அழுக்கு முழுக்க அவருக்கு வீரமாகத் தெரிந்திருக்கிறது. நம் ஊரில் பேனர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முகம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் போல. இதை நான் யோசிக்கவே இல்லை. என் மனைவி சமையல்கட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு பழியில் பாதியைக் கைவிட்டேன். அவர் முகத்தில் கரி பூசுவது என் கையில் இல்லை என்று தெரிந்துவிட்டது. என் முகத்தையாவது மீட்க வேண்டும், அது போதும். வீட்டில் ஒத்திகை பார்த்தோம். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு தேங்காயைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்வேன். மனைவி ட்ரைபாடுக்குப் பக்கத்தில் நின்று, வயரில் தொங்குகிற பொத்தானை ஒரே அமுக்காக அமுக்குவாள். கேமரா அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கும். தேங்காய் அசையாமல் நன்றாக ஒத்துழைத்தது. பிள்ளை அப்படி இருக்குமா என்பதுதான் பயம். ஊசி குத்துகிற நேரத்தில் துள்ளாத பிள்ளை உலகத்தில் உண்டா?

அன்றைக்குச் சீரோடு போய் இறங்கியபோது வாசலுக்கு எதிரே மாப்பிள்ளை நின்றார், பேனரில், ஒரு ஆள் உயரத்துக்கு மேலே. நான் உண்டாக்கிய குழியும் பள்ளமுமாக மண்டபத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே கட்சிப் பெரியவர். நாற்காலியும் அதே இடத்தில், அதே வாசலைப் பின்னால் வைத்து. அவர்கள் அமர்த்தியிருந்தது அதே போட்டோகிராபரைத்தான். என் ட்ரைபாடைப் பார்த்ததும் அவர் தன் இடத்திலிருந்து நகர்ந்து எனக்கு நடு இடத்தை விட்டுக்கொடுத்தார்.

உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். தங்கச்சி என் வலது பக்கம் நின்று மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, நாற்காலி முதுகில் ஒரு கையை ஊன்றி, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். ஆசாரி காதைத் தடவிப் பொட்டு வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டார். பிள்ளையின் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். சந்தன வாசமும் பால் வாசமும் சேர்ந்து அடித்தது. எதிரே மனைவி பொத்தானில் கட்டை விரலை வைத்திருந்தாள்.

ஊசி காதைத் தொட்ட நேரம் வாசலில் வெடி வெடித்தது. கட்சிப் பெரியவரின் கார் வந்துவிட்டது. என் நாற்காலியின் முதுகிலிருந்து மாப்பிள்ளையின் கை விலகியதை நான் உணர்ந்தேன்.

ஊசி இறங்கியது. பிள்ளை வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பெரிய அழுகைக்கு முன்னால் குழந்தைகள் மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நின்றுவிடுவார்களே, அந்த நேரம். முகம் சிவந்து, கண் விரிந்து, உடம்பில் ஒரு விரல்கூட அசையவில்லை. மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்கள் என்று தினமும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன் நான். சொல்லாமலே அவன் நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். கேமரா அடுத்தடுத்து மூன்று தடவை தட்டுவது கேட்டது. அதற்குப் பிறகுதான் அவன் மண்டபமே அதிர அழ ஆரம்பித்தான். அடுத்த காதைக் குத்தும்போது அவன் அப்பா வாசலில் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று படத்தையும் சேர்த்தேன். முதலில் என் முகத்தைத்தான் பார்த்தேன். இருந்தது. என் நிறத்தில், என் மூக்கோடு, நெற்றியில் வேர்வையோடு, முழுசாக இருந்தது. வெளுக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. எங்கள் அப்பா சாயல் எனக்கு இம்புட்டு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மடியில் பிள்ளை, திறந்த வாய், காதில் ஊசி. பக்கத்தில் தங்கச்சி மகன் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். வெளியே வெயிலில் பேனர் பளிச்சென்று இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் வெட்கமில்லை.

பிறகுதான் மாப்பிள்ளையைத் தேடினேன். நாற்காலிக்குப் பின்னால், வாசலுக்குப் போகிற வழியில், சாம்பிராணிப் புகை மாதிரி ஏதோ இருந்தது. உற்றுப் பார்த்தால் முதுகு. மூன்று முதுகு, ஒன்றைவிட ஒன்று வாசலுக்குக் கிட்டத்தில், ஒன்றுக்கும் தலை சரியாக இல்லை. அந்த முதுகுகளுக்குள்ளே பேனர் தெரிந்தது. பேனரில் இருக்கிற மாப்பிள்ளை மீசையும் குழியுமாகக் கல்லுப்போல நிற்கிறார், பெரியவரைப் பார்க்க ஓடுகிற மாப்பிள்ளை இல்லாமலே போய்க்கொண்டிருக்கிறார். நான் சத்தியமாக இதைச் செய்யவில்லை. அசையாதவர்கள் இருந்தார்கள், ஓடியவர் கரைந்தார்.

கம்ப்யூட்டரில் அந்தச் சின்னக் கட்டம் இருந்தது. ஒரு டிக் அடித்தால் மாப்பிள்ளை ஒரே முதுகாக, கனமாக, வந்து நின்றுவிடுவார். பூக்கார அம்மாவுக்குச் செய்ததை இவருக்கும் செய்யலாம். பூக்கார அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான் டிக் அடிக்கவில்லை.

தங்கச்சி வீட்டில் படங்களை டி.வி.யில் போட்டேன். அதே ஹால், அதே சொந்தக்காரர்கள், என் கையில் அதே காபி டம்ளர். மடிப் படம் வந்ததும் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மாமன் முகம் எவ்வளவு தெளிவு என்று ஒரு பெரியம்மா சொன்னார். மாப்பிள்ளை சோபாவின் நுனிக்கு வந்து தன்னைத் தேடினார். எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய்த் தேடினார். கிடைத்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன மச்சான் இது, நான் புகையாக இருக்கிறேன் என்று கேட்டார்.

"என்ன செய்யச் சொல்றீங்க மாப்ள? உங்கள எப்டி எடுத்தாலும் அப்டித்தான் வருவீங்க."

அவருக்குப் புரிந்தது. யார் சொன்ன வாக்கியம், யாரிடம் சொன்னது, அது எப்படி என் வாய்க்கு வந்தது என்று எல்லாம் ஒரு நொடியில் அவர் முகத்தில் ஓடியது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏதோ ஜோக் என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கி நிற்பதைக் காண நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். காபி அவ்வளவு ருசியாக இருந்தது.

இதைச் சரி பண்ணிக் கொடுங்கள் என்று அவர் குரலை உயர்த்தினார். நான் பதில் சொல்வதற்குள் தங்கச்சி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத மாத்த முடியுமாண்ணே?"

"முடியும்மா. ஒரு நிமிசத்துல மாத்திரலாம்."

"மாத்த வேணாம். இப்படியே பெருசாப் போட்டுக் குடு."

அவள் திரும்பி உள்ளே போனாள், மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. அதுவரை பழி எனக்கு மட்டும்தான் பாக்கி இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் இப்போது அவர்கள் ஹாலில், டி.வி.க்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. இடத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். டி.வி. பார்க்க வேண்டுமென்றால் அதையும் பார்த்தாக வேண்டும். போன வாரம் நான் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா வந்திருந்தார். படத்தைக் காட்டி யார் யார் என்று கேட்டார். தங்கச்சி மகள் சோபாவில் ஏறி நின்று, ஒவ்வொருவராக விரலை நீட்டிச் சொன்னாள். இது தம்பி, இது அம்மா, இது மாமா. வெறும் மாமா. முன்னால் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்த அம்மா, அப்பா எங்கே பாப்பா, விழாவுக்கு வரவில்லையா என்று கேட்டார்.

"அப்பா வெளிய பேனர்ல இருக்காரு."

அவள் குறும்பாகச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளை அதே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். எனக்குப் பாவமாக இருந்தது என்று இந்த இடத்தில் எழுதலாம். எழுதினால் பொய். தங்கச்சியிடம் இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.